எல்லாவற்றையும் காட்டிய பக்கம்

செவ்வாய், இரவு.

ஸ்ரீரங்கத்தில் வரன் பார்த்துக் கொடுக்கும் மையத்துக்கு, புரோகிராம் எழுதித் தரும் ஏஐ-யை வைத்து ஒரே மதியத்தில் வெப்சைட் செய்து கொடுத்திருந்தேன். இன்று அங்கே பதிந்திருக்கும் ஒரு பெண்ணின் அம்மா போனில் அழுதார். "அவ நிச்சயம் நின்னுபோனதை இப்படி ஊரறியப் போட்டுட்டீங்களே!"

மையத்தார் தங்களுக்கென்று எழுதிவைத்த குறிப்பு அது. டேட்டாபேஸில் இருந்த எல்லாவற்றையும் ஏஐ பக்கத்தில் காட்டிவிட்டது. மறைக்கச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. நானே எழுதியிருந்தால் அந்த இடத்தில் கை நின்றிருக்கும். நின்றிருக்குமா?

குறிப்பை உடனே எடுத்துவிட்டேன். "கம்ப்யூட்டர் தானா போட்டுடுச்சும்மா" என்றேன்.

"கம்ப்யூட்டருக்கு என் பொண்ணு மேல என்னம்மா கோபம்?"

நான் சொன்னது பொய்யா என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை புத்தூரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்களாம். அவர்கள் அந்தப் பக்கத்தைத் திறந்தார்களா என்று, லாகின் செய்தவர்கள் எதையெல்லாம் பார்த்தார்கள் என்ற வெப்சைட் பதிவில் பார்த்துவிடலாம். இன்னும் பார்க்கவில்லை.