மேற்குப் பக்கத்துச் சமையலறை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் சாமியிடம் கேட்டுக்கொள்கிறேன், அவருக்கும் கேட்டுக் கேட்டு அலுத்திருக்கும். அப்பாவின் முழங்கால் தேவலை, ஆனால் தைலம் தேய்த்துக்கொள்ளச் சொன்னால் மட்டும் வலி போய்விட்டது என்கிறார். ஓய்வுபெற்ற கையோடு, இயற்கையோடு ஒட்டி எல்லோரும் கூடி வாழும் இந்தச் சூழல் கிராமத்துக்குக் குடிவந்தபோது எனக்குப் பொழுதே போகாது என்று நீ பயந்தாய், இப்போது பொது அடுப்புக்கு விறகும் தண்ணீரும் கணக்கு வைக்கும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள், உட்கார நேரமில்லை. மாப்பிள்ளையிடம் அந்தக் கம்பளிச் சட்டையை வெந்நீரில் போட வேண்டாம் என்று சொல்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன், வேறு யாராவது சொல்லி நீ தெரிந்துகொள்வதை விட நான் சொல்வதுதான் முறை. நீ வரைந்து அனுப்பிய பொதுக் கட்டட வரைபடம் போன வாரக் கூட்டத்தில் நிறைவேறவில்லை, நிறைவேறாமல் நிறுத்தியது நான்தான். இங்கே எல்லோரும் சம்மதித்தால்தான் எந்த வேலையும் நடக்கும், அது உனக்கும் தெரியும். தகரக் கொட்டகையில் உன் படத்தை விரித்துப் போட்டதும் அத்தனை பேர் முகத்திலும் சந்தோஷம், சுடாத மண்கல் சுவரையும் மழைத்தண்ணீரைத் தொட்டிக்கு இறக்கும் கூரையையும் பார்த்துத் தச்சர், 'பொண்ணு வரைஞ்சிருக்கா பாருய்யா, ஒரு ஆணி வீணாகாது' என்றார், அப்பா காலர் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். எல்லோரும் கை தூக்கினார்கள். கூட்டம் நடத்துகிறவர் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர், தீர்ப்பு என்றுதான் அவரைக் கூப்பிடுவோம், அவர் என் பக்கம் திரும்பாமலே 'ஏகமனதா முடிஞ்சுது' என்று எழுதப் போனார். பெற்றவள் கையை எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை என்று நினைத்திருக்கிறார். நான் இன்னும் கை தூக்கவில்லை என்றேன். தமாஷ் பண்ணுகிறேன் என்று எல்லோரும் சிரித்தார்கள், பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். காலையில் சாமி படத்துக்கு முன்னால் நின்று, பேசாமல் என் கையைத் தூக்க வைத்துவிடு என்று வேண்டிக்கொண்டுதான் போனேன், அவர் அந்தப் பக்கமே வரவில்லை.

காரணம் இதுதான். உன் படத்தைத் தரையில் விரித்து, நீ போட்டிருந்த அம்புக்குறியை நிஜமான வடக்குக்குத் திருப்பி வைத்துப் பார்த்தேன், எனக்குத் தெரிந்த படிப்பு அவ்வளவுதான். கூடம் நடுவில், காற்று இரண்டு பக்கமும் வந்து போகிறது, நன்றாக இருக்கிறது. சமையலறை மேற்கே. மதியத்துக்கு மேல் வெயில் முழுக்க அந்தச் சுவர் மேல்தான் விழும், உள்ளே அடுப்பும் எரியும், ராத்திரிச் சாப்பாட்டுக்கு அந்த நேரத்தில்தான் உலை வைக்க வேண்டும். இங்கே இருக்கிற ஓய்வுபெற்ற இஞ்சினியர், 'அது தப்பில்லம்மா, கெட்டிக்காரத்தனம். வெயிலைச் சமையலறை வாங்கிக்கும், கூடம் குளுகுளுன்னு இருக்கும், ஃபேனே வேணாம்' என்று விளக்கினார். நீ தெரிந்துதான் வைத்திருக்கிறாய் என்று அப்போதுதான் புரிந்தது, அது எனக்கு இன்னும் வருத்தமாகப் போயிற்று. வெயிலை வாங்கிக்கொள்வது சுவர் மட்டும் இல்லையே கண்ணு, உள்ளே ஆள் நிற்குமே. எல்லோரும் முறை வைத்துச் சமைப்பது என்று சட்டம் இருக்கிறது, ஆனால் தையல்காரர் தன் முறையில் வைத்த சூப்பைக் குடித்த பிறகு அவரை யாரும் கூப்பிடுவதில்லை, அதற்காகவே அப்படி வைத்தார் என்று அவர் மனைவியே சொல்கிறாள். கடைசியில் அவளும் டீச்சரம்மாவும் நானும்தான் நிற்கிறோம். நாங்கள் வெந்தால்தான் கூடம் குளிரும் என்றால் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து என்னால் எதைப் பற்றியும் பேச முடியாது.

அதற்காக உன் மேல் தப்பு என்று முடிவு கட்டிவிடவில்லை. சமையலறையைக் கிழக்கே கொண்டுபோனால் காற்றடிக்கும்போது புகை கூடத்துக்குள் வரும் என்று இஞ்சினியர் சொன்னார், அதுவும் நியாயம்தான். மழைக்கு முன் அஸ்திவாரம் போடாவிட்டால் ஒரு வருஷம் போய்விடும், தச்சர் 'அக்கா, இன்னொரு மழைக்கும் இந்தத் தகரத்துக்குக் கீழதானா?' என்று கேட்டார். உடன்பாடு இல்லாதவர்கள் ஒதுங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டால் வேலை நடக்கும், அப்படியும் ஒரு விதி இருக்கிறதாம், தீர்ப்புதான் தன்மையாக எடுத்துச் சொன்னார். ஒதுங்கிக்கொள்ள எனக்குச் சொல்லித்தர வேண்டுமா, கல்யாணம் ஆனதிலிருந்து அதில் நல்ல பழக்கம். அதனால்தான் மாட்டேன் என்றேன். அப்பா அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை, வேண்டியதைச் சுவரைப் பார்த்துக் கேட்கிறார். நேற்று மட்டும் தாங்காமல், 'வடகிழக்குல அந்தச் சின்ன அறை எதுக்குன்னு நினைச்சே? நீ உக்காந்து சாமி கும்பிடறதுக்குடி. உனக்காக அவ வெச்சது' என்றார். எனக்குத் தெரியாது கண்ணு. படத்தில் அமைதி அறை என்றுதான் போட்டிருந்தது. கட்டடத்திலேயே நல்ல இடம் அது, மதிய வெயில் படாது, காலையில் வெளிச்சம் வரும். அப்பா சொன்ன பிறகு வெகுநேரம் அந்தச் சின்னக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்த்துவிட்டு இதைத்தான் எழுத உட்கார்ந்தேன். அந்த இடத்தைச் சமையலறைக்குக் கொடுத்துவிடு, சாமியை மேற்கே வை. வெயில் அவரை ஒன்றும் செய்யாது, நான் வேர்த்துக்கொண்டே கும்பிட்டாலும் அவர் காதில் விழும். புகைக்கு என்ன வழி என்று நீதான் யோசிக்க வேண்டும், நீ படித்த படிப்பையே அது ஒரு பாடு படுத்தும், படுத்தட்டும். முடியாது என்று நீ தீர்மானமாகச் சொன்னால் கூட்டத்தில் நானே அதைப் படித்துக்காட்டுகிறேன், ஆனால் அதன் பிறகும் சம்மதம் என்று சொல்ல மாட்டேன், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இது நீ கட்டப்போகும் முதல் கட்டடம். அதற்குள் நின்று வேகிற யாரோ ஒருத்தி, உன்னை யாரென்றே தெரியாமல், மனசுக்குள் உன்னைத் திட்டிவிடக் கூடாது. அந்தத் திட்டு விழுவதற்கு முன்னால் பெற்றவள் வாயால் ஒரு திட்டு வாங்கிக்கொள், அது ஒட்டாது.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக வாழ வேண்டும், உன் கை தொட்ட வேலையெல்லாம் துலங்க வேண்டும். சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, கண்ணுக்கு இடைவெளி கொடு. கோபமாக இருந்தால் பேசாமல் இருக்காதே, இங்கே ஏற்கெனவே ஒருவர் அப்படி இருக்கிறார், வீட்டுக்கு அது போதும்.

என்றும் உன் நலம் வேண்டும்
அம்மா