பள்ளிக்கூடத்துக்கு எதிர் வீடு

ஜூன் 9, 2024
ஒருவழியாகத் திண்டுக்கல்லுக்குக் குடி வந்தாச்சு. எங்கள் ஊர் சித்தையன்கோட்டையில் இருக்கும் சொந்த வீட்டைச் சைதூன் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, இங்கே பேகம்பூரில் வாடகை வீடு. எல்லாம் நாலாம் வகுப்புப் போகும் என் மகள் தஹ்சீனுக்காக. எதிரிலேயே பள்ளிக்கூடம். “பெல் அடிச்சப்புறம் எந்திரிச்சாக்கூடப் போதும்” என்கிறார் இவர். டவுன் டவுன்தான்!

ஆகஸ்ட் 3
பள்ளி விட்டதும் ஹிந்தி, அபாகஸ், டியூஷன். பக்கத்து வீட்டுப் பிள்ளை இதுக்கு மேல கராத்தேக்கும் போகுதாம். நாம மட்டும் சும்மா இருக்க முடியுமா? பாவம், சோற்றில் கை வைத்தபடியே தூங்கிப்போகிறாள்.

மார்ச் 21, 2025
பள்ளியிலிருந்து வாட்ஸப். நகரத்து இரைச்சலும் புகையும் படிப்பைக் கெடுக்கிறதாம். ஜூன் முதல் இயற்கைச் சூழலில் புதுக் கட்டடமாம். எங்கே? சித்தையன்கோட்டைத் தென்னந்தோப்புக்குள்ளே!
தலையில் அடித்துக்கொண்டேன். “திரும்பிப் போயிருவோம்” என்றேன்.
“இப்பத்தான் இங்க கடையப் போட்டுருக்கேன். ஊரு சிரிக்காதா?” என்கிறார்.
சிரிக்கட்டுமே!

ஜூன் 12
விடியுமுன்னே வேன். திண்டுக்கல் தெருவெல்லாம் சுற்றிவிட்டுத்தான் கிளம்புகிறது.

ஜூலை 18
டீச்சர் கூப்பிட்டுவிட்டார். “மொத பீரியடே தூங்குறா. வாசிப்பு ரொம்பப் பின்தங்கிருச்சு. இப்படியே போனா கஷ்டம்மா.” எனக்கு முகம் செத்துப்போச்சு.
வீட்டில் தஹ்சீன் சொன்னாள்: “கடைசியா நம்ம பழைய வீட்டு வாசல்ல வேன் நிக்கும்மா. சைதூன் அக்கா மக ஷப்னம் அங்க ஏறுவா. ஏறுனதும் ஸ்கூல் வந்துரும். அவதான் என்னைய எழுப்பி விடுவா.”
பையை இறக்கி வைத்துவிட்டு, “அவதான் எங்க கிளாஸ்ல ஃபர்ஸ்ட்டு” என்று தானாகவே சொன்னாள். நான் கேட்கவேயில்லை.

ஜூலை 19
ஆத்திரமா வருது. யார் மேல? தெரியலை. அழுதேன்.

ஆகஸ்ட் 4
வெட்கத்தை விட்டுச் சைதூனிடம் கேட்டேன். “இது ஒங்க வீடுதானக்கா. தஹ்சீன் ஷப்னம்கூட இருக்கட்டும்” என்றாள். இனித் திங்கள் முதல் வெள்ளி வரை என் மகள் சொந்த வீட்டில் விருந்தாளி. அவள் துணிகளைப் பையில் அடுக்கிக் கட்டினேன்.

ஆகஸ்ட் 29
காலையில் போன். “அம்மா, நேத்து முழுப் பாடத்தையும் நானே வாசிச்சேன். டீச்சர் கை தட்டுனாங்க!” அல்ஹம்துலில்லாஹ். போனை வைத்ததும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது.
எதிர்ப் பள்ளிக்கூடம் இப்போது கல்யாண மண்டபம். இன்று எங்கள் ஊர்க்காரர் வீட்டு நிக்காஹ். வந்தவர்கள் எங்கள் வீட்டிலும் எட்டிப் பார்த்தார்கள். “சொந்த வீட்ட விட்டுட்டு டவுன்ல எதுக்கு இருக்கீக?” என்று ஒருவர் கேட்டார்.
இவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்: “எல்லாம் பிள்ள படிப்புக்காகத்தான்.”