நம் வீட்டு டிவியில் தெரிந்த இரண்டாவது உருவம்

ஆங் மோ கியோ,
சிங்கப்பூர்.
18.8.1985

அன்பு மகள் ரூபிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், மணிலாவில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று ஜெபமாலையை உன் பேரைச் சொல்லித்தான் தினமும் முடிக்கிறேன். பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. எழுத உட்காருவதும் எழுந்துபோய்ச் சமையலறையில் சும்மா நிற்பதுமாக நாள் போய்விட்டது, பேனாவை எடுத்தாலே பயம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

உன் காமிக்ஸ் கம்பெனிக்கு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது, நீ வரைந்த முகமூடிப் பெண் அந்தப் பழைய ஆங்கிலத் தொடரின் முகமூடி வீரனைப் பார்த்து எடுத்தது என்கிறார்கள், அந்தத் தொடரை ஒருநாளும் பார்த்ததில்லை என்று நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் கம்பெனி உன்னைக் காப்பாற்றும், இல்லாவிட்டால் மாதக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பிவிடும் என்று எழுதியிருந்தாய். அப்பாவிடம் காட்டினேன். "கையெழுத்தப் போட்டுட்டு வேலையப் பாக்கச் சொல்லு. நம்ம வீட்டு டிவியில என்ன ஓடுச்சுன்னு மணிலாவுல எவனுக்குத் தெரியும்?" என்றார். எனக்கும் ஒரு நிமிஷம் அதுவே சரியென்றுதான் பட்டது. பிறகு நீ அனுப்பிய காமிக்ஸ் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். முழங்கால் வரை பூட்ஸ், வெள்ளைக் கையுறை, எல்லாம் அப்படியே இருக்கிறது. அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படத்தில் கை அசைவது தெரியட்டுமென்று வெள்ளைக் கையுறை மாட்டியிருப்பார்கள், நல்லவனுக்கு வெளிர் உடை, கெட்டவனுக்குக் கறுப்பு, இல்லாவிட்டால் திரையில் பெய்கிற புள்ளி மழையில் யார் யாரை அடிக்கிறார் என்றே புரியாது. உன் கையில் இத்தனை வர்ணம் இருந்தும் நீ அதே கணக்கில்தான் வரைந்திருக்கிறாய் கண்ணு.

போன சனிக்கிழமை தேக்கா மார்க்கெட்டில் ஜரீனா ஆண்ட்டியைப் பார்த்தேன். தோ பாயோவில் நமக்கு அடுத்த வீட்டில் இருந்தாரே, அவர் வீட்டில் டிவி வாங்கும்வரை நம் வீட்டுத் தரையில் உட்கார்ந்து உன்னோடு பார்ப்பாரே, அவர்தான். என் கூடையில் இருந்த உன் புத்தகத்தின் அட்டையைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "என்னாங்க இது, அந்த முகமூடிக்காரன் பொம்பளையாயிட்டான் லா" என்றார். மீன்காரர் பையை நீட்டிக்கொண்டே நிற்கிறார், நான் வாங்கவில்லை. ஜரீனாவே ஒரே பார்வையில் கண்டுபிடித்தால் வக்கீலுக்கு எவ்வளவு நேரம் ஆகும் சொல். ஆனால் அவர் உள்ளே புரட்டி, அந்தப் பெண்ணின் வலப்பக்கம் ஒரு விரல் தள்ளி நீ வெள்ளைக் கோட்டில் வரைந்திருக்கும் இன்னொரு உருவத்தைத் தொட்டுக்காட்டி, "திருடனுக்கும் சம்மனசு உண்டான்னு கேட்டு அழுதவதானே உங்க மக" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் தோ பாயோ வீட்டில் டிவி அலை எதிர் அடுக்குமாடி புளோக்கில் பட்டுத் திரும்பியதோ என்னவோ, ஏரியலை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் திரையில் ஒவ்வோர் ஆளுக்கும் பக்கத்தில் மங்கலாக இன்னோர் ஆள் நிற்பான். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு காவல் சம்மனசு, ஒரு தேவதூதர், நிற்பார் என்று ஞாயிறு மறைக்கல்வியில் கேட்டுவிட்டு வந்த நீ, அதுதான் இது என்று நம்பிவிட்டாய். வில்லன் பக்கத்திலும் ஒன்று நிற்பதைப் பார்த்து அப்படி அழுதாய். இந்த வீட்டுக்கு வந்து கலர் டிவி வாங்கி, புளோக்கின் பொது ஏரியலில் மாட்டிப் படம் பளிச்சென்று தெரிந்த அன்றைக்கு, "எல்லாரும் தனியா நிக்கிறாங்கம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனாய். யோசித்துப் பார், அந்தத் தொடரை எடுத்தவர்களே இப்படி ஓர் உருவத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். பூட்ஸும் கையுறையும் அவர்களுடையதாகவே இருக்கட்டும், இது உன்னுடையது. தொடரையே பார்த்ததில்லை என்று எழுதிக் கொடுத்தால், இது எங்கிருந்து வந்தது என்பதையும் நீ எந்த இடத்திலும் சொல்ல முடியாமல் போகும்.

அதனால் கையெழுத்துப் போடாதே ரூபி. பார்த்தேன், இப்படித்தான் பார்த்தேன் என்று சொல், பூட்ஸையும் கையுறையையும் மாற்றித் தருகிறேன் என்று கேள். சட்டம் எனக்குத் தெரியாது, நான் படித்த படிப்பில் இதற்கெல்லாம் விடை இல்லை. கம்பெனி கேட்காமலே போகலாம், உன் பேரைக் கெடுக்கலாம், இனி யாரும் உன்னைச் சேர்த்துக்கொள்ளாமல் போகலாம். போகச் சொன்னால் வந்துவிடு. வேலை போய் வருகிற மகளைச் சாங்கி விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப்போக என்னால் முடியும். பொய்யில் கையெழுத்துப் போட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட்ட மகளை எங்கே போய் அழைத்துவருவது என்று எனக்குத் தெரியவில்லை.

தண்ணீரைக் காய்ச்சிக் குடி. அரசாங்கத்தை எதிர்த்து ஊர்வலம் போகிற தெருப்பக்கம் போகாதே, இருட்டுவதற்குள் கன்னியர் விடுதிக்கு வந்துவிடு. சிஸ்டர்மாருக்கு என் வணக்கத்தைச் சொல். மாதா உன் கூடவே இருந்து உன் கையையும் கண்ணையும் காக்கட்டும். எந்த முடிவானாலும் உடனே போன் போடு. அப்பா எடுத்தால் என்னைக் கூப்பிடச் சொல், நான் இப்படி எழுதியது அவருக்கு இன்னும் தெரியாது, தபாலில் போட்டுவிட்டு வந்துதான் சொல்லப்போகிறேன்.

முத்தங்களுடன்,
உன் அம்மா,
பிலோமினா அருளானந்தம்