பொன்னம்மையின் சின்னக் கார்

வலியசாலை,
திருவனந்தபுரம்.
4.6.2001

அனுஷா அப்பாவுக்கு,

பொன்னம்மை எழுதுவது. நான் சுகம். அனுஷாவும் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் சுகமாக இருக்கிறாள். நீங்கள் பாளையங்கோட்டைக்குப் போன இந்த நாலு வருஷத்தில் நாம் எழுதிக்கொண்டதெல்லாம் அவள் படிப்பைப் பற்றித்தான். இது வேறு விஷயம், பதற வேண்டாம்.

நான் ஒரு கார் வாங்கப் போகிறேன்.

லேபுக்கு வர முடியாத நோயாளிகளின் வீட்டுக்கே போய் ரத்தம் எடுக்கிறேன் என்று அனுஷா சொல்லியிருப்பாள். இப்போது பதினொரு வீடு ஆகிவிட்டது. வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும் என்பதால் காலை ஆறு மணிக்கே கிளம்ப வேண்டும். போன வாரம் மழையில் கிள்ளிப்பாலத்துப் பக்கம் தண்ணீரில் ஆட்டோ நின்றுவிட்டது. ஒன்றரை மணி நேரம். எடுத்த ரத்தமெல்லாம் கெட்டுப்போயிற்று. திரும்பவும் ஒவ்வொரு வீடாகப் போய்க் குத்தினேன். நாச்சியார் அம்மாளுக்கு எண்பது வயசு, நரம்பே கிடைக்காது. நான் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் மற்றக் கையை நீட்டினார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஏப்ரலில் லைசென்ஸ் எடுத்துவிட்டேன். முதல் தடவை 'ஹெச்' எழுத்து மாதிரி வண்டியை ஓட்டிக் காட்டும்போது பின்னால் கம்பியைத் தட்டி ஃபெயில். இரண்டாம் தடவை பாஸ். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று அனுஷாவிடம் நான்தான் சொல்லி வைத்திருந்தேன்.

மாருதி 800 போதும் என்று நினைக்கிறேன். புதுசா, பழசா என்பதுதான் தெரியவில்லை. பத்துப் பேரிடம் கேட்டால் பத்து விதமாகச் சொல்கிறார்கள். இருபது வருஷமாக இன்ஷூரன்ஸுக்கு அடிபட்ட வண்டிகளைப் பார்த்து மதிப்புப் போடுகிறவர் நீங்கள். வண்டி விஷயத்தில் நீங்கள் பொய் சொல்ல மாட்டீர்கள். அதனால் கேட்கிறேன்.

இப்படிக்கு,
பொன்னம்மை


பாளையங்கோட்டை
9.6.2001

அன்புள்ள பொன்னம்மைக்கு,

கடிதம் கிடைத்தது. கவரில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்துபோய்த்தான் பிரித்தேன். லைசென்ஸ் எடுத்தது சந்தோஷம்.

நீ நினைத்திருக்கும் வண்டி நல்ல வண்டி. அந்தச் சின்ன வண்டி மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு. மூன்றே சிலிண்டர், ஆனால் நாலு பேரையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு ஆரல்வாய்மொழிக் காற்றில் முனகாமல் போகும். ஓரங்குல இடத்தைக்கூட வீணாக்காமல் செய்திருக்கிறார்கள். உங்கள் தெருவில் பெரிய வண்டிக்காரன் முன்னும் பின்னும் நாலு தடவை எடுக்கிற இடத்தில், இது ஒரே ஒடிப்பில் திரும்பிவிடும். எந்த ஊர் ஒர்க்‌ஷாப்பிலும் உதிரி பாகம் கிடைக்கும். பெட்ரோலும் கொஞ்சமாகத்தான் குடிக்கும்.

புதுசு வாங்கினால் ஐந்து கியர், வாரண்டி, மழைநாள் காலையிலும் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகும். பழசு நல்லதாகக் கிடைத்தால் இன்னும் ஏழெட்டு வருஷம் கவலையில்லாமல் ஓடும். ஆனால் நல்லதாகக் கிடைக்க வேண்டும். பழைய வண்டியை வெயில் வெளிச்சத்தில் பார். மழையில் நனைந்த வண்டி எல்லாமே பளபளப்பாகத்தான் தெரியும். பானெட்டுக்கு இரண்டு பக்கமும் இடைவெளி ஒரே அளவாக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார். டிக்கியில் விரித்திருக்கும் மேட்டைத் தூக்கு. கீழே தகட்டில் வெல்டிங் தழும்பு இருந்தால் பின்னால் பலமாக அடி வாங்கிய வண்டி. மீட்டரை நம்பாதே, பெடல் ரப்பரைப் பார். மீட்டரைத் திருப்பி வைக்கிறவன் ரப்பரை மாற்ற மறந்துவிடுவான். என்ஜின் ஆறிக் கிடக்கும்போதே ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்.

எதற்கும் நான் வந்து பார்த்து முடிவு சொல்லும்வரை அட்வான்ஸ் கொடுக்காதே. முதல் ஒரு வருஷம் டிரைவர் வைத்துக்கொள். அந்த ஊர் ஏற்ற இறக்கத்தில் நீ சிரமப்பட வேண்டாம்.

அன்புடன்,
செல்வமணி


வலியசாலை
20.6.2001

அனுஷா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு சனிக்கிழமை பாப்பனங்கோட்டில் ஒரு புரோக்கரிடம் போனேன். 98 மாடல், வெள்ளை. மீட்டரில் இருபத்தோராயிரம் கிலோமீட்டர். முகம் தெரிகிற மாதிரி பாலிஷ். நான் முதலில் குனிந்து பெடலைப் பார்த்தேன். கிளட்ச் ரப்பர் நடுவில் தேய்ந்து இரும்பு தெரிந்தது. டிக்கி மேட்டைத் தூக்கச் சொன்னேன். "அதொண்ணும் வேண்டா சேச்சி, பசை போட்டு ஒட்டியிருக்கு" என்றான். நானே நகத்தால் கிளப்பினேன். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரு வெல்டிங் கோடு, மேலே புதுப் பெயின்ட். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "சேச்சி ஒர்க்‌ஷாப் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டான். "இல்லை, ரத்தம் டெஸ்ட் பண்றேன்" என்றேன்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில் பாதி உங்களுக்கு. எழுதிக் கொடுத்ததெல்லாம் அப்படியே சரியாக இருந்தது.

ஆனால் கடைசிப் பத்தியை நான் மூன்று தடவை படித்தேன். டிரைவர் வைத்துக்கொள்ள எனக்கு யோசனை தேவையில்லை. தொண்ணூற்று நாலில் நான் ஓட்டிப் பழகியபோது, உங்கள் பத்மினி காரைக் கேட்டுக்குள் எடுக்கையில் இடது பக்கம் உரசிற்று. தெருவே நின்று பார்க்க, "இவளுக்கு ஜென்மத்துக்கும் ஸ்டியரிங் வராது" என்று சொன்னீர்கள். அதற்குப் பிறகு ஏழு வருஷம் நான் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. நீங்கள் டிரான்ஸ்ஃபர் வாங்கிப் போனபோது லேபை விட்டு நான் கூட வராததற்கு ஊரில் பல காரணம் சொன்னார்கள். லேப் ஒரு காரணம்தான். அந்த வாசலும் ஒரு காரணம்.

ராஜையன் சார் என்று எனக்கு ஒரு நோயாளி, கரமனையில் இருக்கிறார். மின்சார போர்டில் எஞ்சினியராக இருந்தவர். சர்க்கரையால் பார்வை போய்விட்டது. அவருடைய 96 மாடல் வண்டியைக் கொடுக்க நினைக்கிறார். புதுசும் ஒன்று ஓட்டிப் பார்க்க ஷோரூமில் சொல்லி வைத்திருக்கிறேன். வருவதானால் வாருங்கள். நான் ஓட்டுவேன், நீங்கள் பக்கத்தில் உட்காரலாம்.

இப்படிக்கு,
பொன்னம்மை


பாளையங்கோட்டை
26.6.2001

அன்புள்ள பொன்னம்மைக்கு,

டிரைவர் என்று எழுதியது தவறு. ஜூலை 7, சனிக்கிழமை காலை வண்டியில் தம்பானூர் வந்து இறங்குகிறேன். பக்கத்தில் உட்காருகிறேன்.

மேட்டை நகத்தால் கிளப்பி வெல்டிங் கோட்டைப் பார்த்ததை ஆபீசில் சொன்னேன். எங்கள் சீனியர் சுவாமிதாஸ், "அந்த அம்மாவை நம்ம ஆபீசுக்குக் கூட்டிட்டு வாரும்" என்றார்.

அன்புடன்,
செல்வமணி


பாளையங்கோட்டை
10.7.2001

அன்புள்ள பொன்னம்மைக்கு,

சனிக்கிழமை நேரில் பேசியிருக்க வேண்டியவற்றை எழுதுகிறேன். நேரில் எனக்கு வாய் வரவில்லை.

முதலில் வண்டிகள். புதிய வண்டி குறை சொல்ல முடியாதது. கியர் வெண்ணெயில் விழுகிற மாதிரி விழுகிறது. என்ஜின் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று காதைத் தீட்டிக் கேட்க வேண்டியிருந்தது. ரத்தம் வைக்கும் உன் ஐஸ் பெட்டியை நீ பின் சீட்டில் வைத்து, கை எட்டுகிறதா என்று பார்த்தாய். அந்த ஷோரூம்காரர் இதுவரை எந்த வாடிக்கையாளரும் அப்படிப் பார்த்ததில்லை என்றார்.

ராஜையன் சாருடைய வண்டி எனக்கு ஆச்சரியம். நான் தேடிப் போனது குறையை. படுத்துக் கீழே பார்த்தேன். கடற்கரை ஊரில் ஐந்து வருஷம் கிடந்த வண்டியில் துரு இல்லை. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் அடியில் பூச்சு அடித்திருக்கிறார். பானெட் இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்று. பெடல் ரப்பர் மீட்டரோடு ஒத்துப்போகிறது. பார்வை போன பிறகும் தினமும் கையால் தடவிக் கதவைத் திறந்து உட்கார்ந்து ஐந்து நிமிஷம் என்ஜினை ஓட விடுவாராம். சத்தத்தைக் கேட்டே சொல்கிறார், வலது பக்கம் முன் சக்கர பேரிங் லேசாகப் பாடுகிறது என்று. நான் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அது சின்ன வேலை. நாலு கியர்தான், கார்பரேட்டர்தான், காலையில் ஸ்டார்ட் ஆக சோக்கை இழுக்க வேண்டும். மற்றபடி இவ்வளவு யோக்கியமான பழைய வண்டியை நான் பார்த்து நாளாயிற்று.

இனி அந்த ஏற்றம். ராஜையன் சார் வண்டியில் பி.எம்.ஜி. ஜங்ஷனிலிருந்து உங்கள் ஊர்ப் பாளையத்துக்கு ஏறும்போது நடுவில் வண்டிகள் எல்லாம் நின்றுவிட்டன. முன்னால் பஸ், பின்னால் ஒட்டிக்கொண்டு ஒரு ஜீப். நான் என்னை அறியாமல் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்தேன். நீ ரோட்டைப் பார்த்தபடியே, "கையை எடுங்க" என்றாய். எடுத்தேன். பஸ் நகர்ந்தது. நீ கிளட்ச்சை அரை அங்குலம் விட்டாய், வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கிற்று, ஒரு விரற்கடைகூடப் பின்னால் வராமல் ஏறிற்று. டிரைவிங் ஸ்கூல்காரர்களுக்கே அது வராது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, நீ பார்த்திருக்க வேண்டாம்.

தொண்ணூற்று நாலில் நீ வெளியே போகும்போது கேட்டை முழுக்கத் திறந்து வைத்துவிட்டுத்தான் போனாய். மாடு வருகிறது என்று இடது கதவைப் பாதி சாத்தினவன் நான். கீழ்த் தாழ்ப்பாளையும் போடவில்லை. நீ உள்ளே எடுக்கும்போது காற்றில் அது ஆடி வந்து உரசிற்று. சத்தம் கேட்டு நான் வந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அதற்குள் தெருவில் ஆள் கூடிவிட்டது. உன்மேல் போட்டேன். அன்று சாயங்காலமே சொல்லியிருக்கலாம். ஒரு நாள் தள்ளிப்போயிற்று, பிறகு சொல்ல முடியாமலே போய்விட்டது. என்னை மன்னித்துக்கொள் என்று இப்போது எழுதுவது எவ்வளவு சின்ன வார்த்தை என்று தெரிகிறது.

எந்த வண்டி என்று நான் சொல்லப் போவதில்லை. இரண்டும் நல்லவை. நீ முடிவு செய்.

செல்வமணி


வலியசாலை
2.8.2001

அனுஷா அப்பாவுக்கு,

பதில் எழுத மூன்று வாரம் ஆயிற்று. கோபத்தில் இல்லை. கோபமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேட்டைச் சாத்தினது நீங்கள்தான் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். நான் திறந்து வைத்ததை மறக்கிற ஆள் இல்லை. நீங்கள் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். முதலில் நாள் கணக்கில், பிறகு வருஷக் கணக்கில். நீங்கள் பெட்டி கட்டினபோதுகூட, கடைசியில் சொல்லிவிட்டுப் போவீர்கள் என்று வாசல்வரை வந்தேன். இப்போது உங்கள் கடிதத்தில் அதைப் படித்ததும் அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நன்றாகப் பசித்தது. இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

ராஜையன் சாரின் வண்டியை எடுத்துவிட்டேன். புது வண்டி உங்களுக்குப் பிடித்த மாதிரியே எனக்கும் பிடித்தது. ஆனால் அதில் நான் விருந்துக்கு வந்தவள் மாதிரி ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். இதில் உட்கார்ந்ததும் முதுகு தானாகச் சாய்ந்தது. பேரிங் மாற்றியாயிற்று. சாவியை வாங்கிய அன்று சாரும் அவர் வீட்டம்மாவும் ஒரு ரவுண்டு கேட்டார்கள். சங்குமுகம் வரை போனோம். சார் பின்னால் உட்கார்ந்து வழி முழுக்க என்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தார். கடற்கரையில் நிறுத்தினதும், "மூணாவது கியர்ல இன்னும் கொஞ்சம் நேரம் விடு மோளே, அது சந்தோஷமா ஓடும்" என்றார். வீட்டு வாசலில் இறங்கியதும் பானெட்டை ஒரு தடவை தட்டிவிட்டு உள்ளே போனார். திரும்பவில்லை.

இப்போது பதினாறு வீடு. ஒன்பது மணிக்குள் லேபுக்குத் திரும்பிவிடுகிறேன். நாச்சியார் அம்மாள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் ரிவர்ஸ் எடுப்பதைப் பார்த்துவிட்டுத்தான் காபி குடிக்கிறார். லிட்டருக்குப் பதினேழு கிடைக்கிறது.

பொன்னம்மை


பாளையங்கோட்டை
14.8.2001

அன்புள்ள பொன்னம்மைக்கு,

நல்ல வண்டி நல்ல கைக்குப் போயிருக்கிறது. எனக்கு முழுத் திருப்தி.

நீ பசித்துச் சாப்பிட்டேன் என்று எழுதிய இடத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை.

அக்டோபரில் திருவனந்தபுரம் ஆபீசில் ஒரு இடம் காலியாகிறது. சுவாமிதாஸ் என் பெயரை எழுதட்டுமா என்று கேட்கிறார். எழுதச் சொல்லவா என்று உன்னைக் கேட்காமல் நான் சொல்லப் போவதில்லை. வீட்டுக்கு வரலாமா என்பதுதான் நான் கேட்பது. வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

அன்புடன்,
செல்வமணி


வலியசாலை
25.8.2001

அன்புள்ள அனுஷா அப்பாவுக்கு,

உங்கள் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு இப்போது வேண்டாம். இந்த நாலு வருஷத்தில் இந்த வீட்டில் எனக்கென்று ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. எப்போது எழுந்திருப்பது, எந்த விளக்கை அணைப்பது என்பதுவரை என் இஷ்டம். அதை உடனே கலைக்க எனக்கு மனசில்லை. உங்கள் மேல் வெறுப்பு இருந்திருந்தால் இதை எழுதவே எனக்குச் சிரமம் இருந்திருக்காது. வெறுப்பு இல்லை, அதனால் யோசித்து எழுதுகிறேன்.

ராஜையன் சார் வீட்டு மாடியில் ஒரு போர்ஷன் வாடகைக்கு இருக்கிறது. ஓர் அறை, அடுக்களை, மொட்டைமாடியில் நல்ல காற்று. நேற்று ரத்தம் எடுக்கப் போனபோது ஏறிப் பார்த்தேன். குழாயில் தண்ணீர் வருகிறது. ஜன்னல்கள் நன்றாகச் சாத்த வருகின்றன. தெற்குச் சுவரில் லேசாக ஈரம் இருக்கிறது, வெள்ளை அடிக்கச் சொல்லியிருக்கிறேன். சாரும் பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்தால் நல்லது என்கிறார். நீங்கள் அங்கே இருங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் இங்கே சாப்பிட வாருங்கள். தீபாவளிக்கு அனுஷா வருவாள். மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவோம். அதற்கப்புறம் என்ன என்று எனக்கு இப்போது தெரியவில்லை. தெரியாமல் இருப்பதில் பயமும் இல்லை.

அந்த அறை உங்களுக்குப் பிடிக்கிறதா என்று நீங்களே வந்து பார்த்துச் சொல்லுங்கள். சாரிடம் அடுத்த மாசம் பத்தாம் தேதிவரை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன்.

உங்கள்,
பொன்னம்மை