போர்வை என்று சொன்னீர்களே, மாமா

என் ஆசை மாமாவுக்கு,

ஆசை என்று எழுதிவிட்டேன். கோபம் என்றுதான் எழுத வந்தேன், கை பழக்கத்தில் போய்விட்டது. இருக்கட்டும், அடிக்கவில்லை. மூன்றாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவளின் எழுத்து கோணலாகத்தான் இருக்கும். திருத்துகிறேன் என்று சிவப்புப் பேனாவைத் தேட வேண்டாம்.

ஊரில் யாருக்கு இங்கிலீஷில் தாள் வந்தாலும் நம் வீட்டுக்குத்தான் வரும். பேங்க் நோட்டீஸ், விசா பேப்பர், பூச்சிமருந்து டப்பா. படித்துச் சொல்வதோடு நீங்கள் விட்டதுண்டா? அந்த வார்த்தை எங்கே பிறந்தது, எந்தக் கப்பலில் ஏறியது என்று கதை ஆரம்பிக்கும். கட்டுமரம் அங்கே போய் கேட்டமரான் ஆனது, மிளகுத்தண்ணி சீமைக்குப் போய் சூப் ஆனது, எல்லாம் நீங்கள் சொல்லித்தான் தெரியும். “எடுத்துட்டுப் போனதை எப்பத் திருப்பித் தருவாங்களாம்?” என்பேன். கத்திக்கான இங்கிலீஷ் வார்த்தையில் முதல் எழுத்தை எழுத வேண்டும், ஆனால் வாயால் சொல்லக் கூடாது என்றீர்கள். “வேலை செய்யாம உக்காந்திருக்கா? நீங்க வேலை பாக்கற நெல் கொள்முதல் நிலையத்துல சேத்துக்குங்க” என்றேன். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த உங்களுக்குப் புரையேறியது.

சிரித்தது போதும்.

ஆடியில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் உங்களிடம் கால் மணி நேரம் இங்கிலீஷில் பேசினார். அவர் என் பக்கம் திரும்பும்போதெல்லாம் நான் தலையை ஆட்டினேன். புரிந்தா ஆட்டினேன்? வெள்ளைக்கோட்டு பேசினால் நமக்குத் தலை தானாக ஆடுகிறது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆஸ்பத்திரிச் சீட்டில் ஒரு வார்த்தையைக் காட்டி, “இது என்ன மாமா, ரயில்பெட்டி மாதிரி இவ்ளோ நீளம்?” என்று கேட்டேன்.

“பாலியேட்டிவ். பழைய லத்தீன் பாஷையில போர்வைன்னு அர்த்தம்.”

“குளிருக்குப் போத்திக்கிறதா?”

“அதேதான். உடம்பைப் போத்திப் பாத்துக்கற வைத்தியம்.”

நம்பினேன். கார்த்திகையில் நீங்கள் கண்ணை மூடும்வரை நம்பினேன்.

காரியம் முடிந்த மறுவாரம், மிச்ச மாத்திரை வேறு யாருக்காவது உதவட்டும் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். உங்களைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் பெண் இருந்தது. “போர்வை வைத்தியம் பாத்தவங்க நீங்கதானே?” என்று வழக்கம்போல ஆரம்பித்தேன்.

“போர்வையா? யாருக்கா சொன்னது?”

“எங்க வீட்டுக்காரரு.”

அது என் கையைப் பிடித்து உட்காரவைத்தது. “குணமாக்க முடியாதுன்னு ஆனப்புறம், வலி தெரியாம பாத்துக்கறதுதான்க்கா அது. அவர்ட்ட மொத நாளே சொல்லியாச்சு. வீட்ல சொல்லிட்டீங்களான்னு டாக்டர் ஒவ்வொரு தடவையும் கேப்பாரு. ‘சொன்னா அவ கேலி பேசறத நிறுத்திருவா, எனக்கு அது வேணும் சார்’ம்பாரு.”

நீங்கள் பொய் சொல்லவில்லை என்பதுதான் எரிகிறது. வார்த்தையின் வேரைக் காட்டிவிட்டு அர்த்தத்தை மறைத்தீர்கள். என் கேலி உங்களுக்கு மருந்தாக இருந்தது, சரி. எனக்கு என்ன வேண்டும் என்று ஒரு நாளாவது கேட்டீர்களா?

ஐப்பசியில் சோறு வேண்டாம் என்றீர்கள். “புது மாப்பிள்ளை முறுக்கா?” என்றேன். படுத்தே கிடந்தீர்கள். “மடையைப் பாக்க யாரு போவா, உங்க லத்தீன்காரனா?” என்றேன். நீங்கள் எழுந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, தூறலில் வரப்பில் இறங்கிப் போனீர்கள். தெரிந்திருந்தால் உங்களை அனுப்பியிருப்பேனா? சம்பா இப்போது கதிர் பிடித்து நிற்கிறது. அந்த வரப்பில் நான் எப்படி நடப்பது, சொல்லுங்கள்.

வருகிற தையில் உங்களுக்கு அறுபது. திருக்கடையூரில் நீங்கள் எனக்கு மறுபடி தாலி கட்ட வேண்டும் என்று வேன் பேசி, தெருவையே அழைத்திருந்தேன். புடவை என்ன நிறத்தில் எடுப்பது என்றேன். “மாம்பழ மஞ்சள் எடு பவுனு, உனக்கு எடுப்பா இருக்கும்” என்றீர்கள். தை வரை இருக்கமாட்டோம் என்று தெரிந்த மனுஷர் எந்த நெஞ்சோடு நிறம் சொன்னீர்கள்? நானும் எடுத்துவந்து பீரோவில் வைத்திருக்கிறேன். இப்போது அந்தப் பீரோவைத் திறக்கவே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

நேற்று எதிர்வீட்டு பாத்திமா அக்கா ஒரு சீட்டோடு வந்தது. கொஞ்ச நாளாகச் சோறு தொண்டையில் இறங்கவில்லையாம்.

“இதை இனிமே யாருட்ட கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லுவேன் பவுனு?”

“டாக்டர் என்னக்கா சொன்னாரு?”

“என்னமோ சொன்னாரு. சரிங்க சரிங்கன்னு எந்திரிச்சு வந்துட்டேன். துபாய்ல இருக்கவன்ட்ட மூச்சு விட்ராத, புள்ள பயந்துருவான்.”

எனக்கு வந்ததே கோபம். அதில் பாதி அக்காவுடையது, பாதி உங்களுடையது, எல்லாவற்றையும் அக்காவே வாங்கிக்கொண்டது. “நீங்களும் எங்கிட்ட இந்த வேலையைப் பண்ணாதீங்க” என்று கத்திவிட்டு, அக்கா போனையே வாங்கி அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் பயந்துதான் போனான். பயப்படட்டும், அவனுடைய அம்மா அல்லவா?

திங்கட்கிழமை அக்காவோடு நானும் தஞ்சாவூர் போகிறேன். உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன் மாமா. “இது குணமாகுமா, ஆகாதா, எங்களுக்குத் தமிழ்ல சொல்லுங்க சார்” என்று கேட்பேன். பதில் வரும்வரை எழுந்திருக்கமாட்டேன். நல்லது வந்தால் பஸ்ஸெல்லாம் கேட்கச் சிரிப்போம். கெட்டது வந்தால் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுவேன், அழுது முடித்து அக்காவைக் கேலியும் பண்ணுவேன். இரண்டும் என்னால் முடியும். நீங்கள்தான் கேட்டுப் பார்க்கவில்லை.

இன்னும் கோபம் தீராத,
உங்கள் அக்கா மகள், உங்கள் பெண்டாட்டி,
பவுனு