காரணம் போதவில்லை

மார்ச் 4, செவ்வாய்

புது நாவலை முடித்துவிட்டேன். எல்லாரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு மட்டும் ஏன் ஒட்டவில்லை? மொழியில் குறை சொல்ல முடியாது. ஆனால் கதை? ஒருத்தி ஒரு காலையில் கணவன் வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுகிறாள். அவன் அடிக்கவில்லை, குடிக்கவில்லை, வேறு பெண்ணும் இல்லை. பேசமாட்டான், அவ்வளவுதான். ஏதாவது பிடிக்காமல் போனால் வாரக்கணக்கில் வாயைத் திறக்கமாட்டான். இதற்காகவா ஒருத்தி கிளம்புவாள்? அலுவலகத்தில் நான் வீட்டு வரைபடம் போட்டுக் காட்டினால் பொறியாளர் முதலில் கேட்பது, "இந்த மாடிய எதும்மா தாங்குது?" என்பதுதான். அதையே இந்த நாவலாசிரியரிடம் கேட்கத் தோன்றுகிறது.

மார்ச் 6, வியாழன்

அக்கா வந்திருக்கிறாள். அத்தானுக்கு வேலையாம், தனியாகத்தான் வந்தாள். மேசையில் நாவலைப் பார்த்துவிட்டு, "இது என்ன கதை, புழு?" என்றாள். புத்தகப் புழு என்பதை அவள் என்றோ சுருக்கிவிட்டாள். எனக்கு ஆச்சரியம். கல்யாணத்துக்கு முன் மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். மாத்திரை அட்டையைத் தவிர எதையும் படிக்காதவள். இரண்டு நாளில் பாதி தாண்டிவிடுவாள் போலிருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

மத்தியானம் சாப்பிடும்போது அக்கா நாவல் பேச்சை எடுத்தாள். "நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டாள். விடுவேனா? முழுக் கதையையும் சொன்னேன். அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. "பேசலன்னா நிம்மதின்னு இருக்க வேண்டியதுதானே! உங்கப்பா ஒருநாள் வாய மூடட்டும், தெருவுக்கே மிட்டாய் தர்றேன்."

"அதான்மா நானும் சொல்றேன். காரணம் பத்தல. நம்புற மாதிரி இல்ல."

"என்ன நடந்திருந்தா நம்புவ?" என்றாள் அக்கா.

"ஒரு அறையாவது விழுந்திருக்கணும்."

அக்கா எழுந்து தட்டைக் கழுவப் போனாள். ஒரு தட்டுக்கு அவ்வளவு நேரமா குழாயைத் திறந்துவைப்பது என்று அம்மா சத்தம் போட்டாள்.

மார்ச் 11, செவ்வாய்

அக்கா நாளை மறுநாள் திரும்புகிறாளாம். மாசக் கடைசிவரை இருப்பேன் என்றாளே? கேட்டால், "அங்க வேலை கிடக்கு" என்கிறாள். வேறொரு நாவலை எடுத்தேன். ஒரே பக்கத்திலேயே நிற்கிறேன்.

மார்ச் 12, புதன்

எப்படி எழுதுவது?

அத்தானை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுமாறு அம்மா என்னிடம் சொன்னாள். கூப்பிட்டேன். எடுத்தார். "அக்கா நாளைக்கு வர்றா அத்தான், கூப்பிட வருவீங்களா?" பதில் இல்லை. டிவியில் யாரோ செய்தி வாசிப்பது கேட்டது. ஒரு முறை தொண்டையைக் கனைத்தார். இருக்கிறார், காதில் விழுகிறது — ஆனால் பேசவில்லை. "அத்தான்?" என்றேன், அசடு மாதிரி, மறுபடியும் மறுபடியும். நானேதான் வைத்தேன்.

அக்கா பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

"உங்கிட்டயுமா?" என்றாள்.

எவ்வளவு நாளாக என்று கேட்டேன். ஐப்பசி மழைக்கு முன்னாலிருந்தே பேச்சில்லையாம். எதனால் என்று அவளுக்கே தெரியாதாம்.

"ஏன்டி சொல்லல?"

"சொல்லலாம்னுதான் வந்தேன். நீங்கதான் அறை விழணும்னுட்டீங்களே, மேடம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

நான் நாவலைத்தானே சொன்னேன்! கதையில வர்ற ஒருத்தியத்தானே சொன்னேன்? இல்லையா? இவ நாவலையா கேட்டா? ஐயோ, எனக்கு ஒண்ணுமே புரியல. இப்போது போகாதே என்று சொன்னால் அது அவளுக்காகவா, என் வெட்கத்துக்காகவா? போகாமல் இருப்பதுதான் சரி என்று எனக்கு எப்படித் தெரியும்? நாவலில் அவள் கிளம்பியதோடு கதை முடிந்துவிடுகிறது. பிறகு என்ன ஆனாள்?

மார்ச் 13, வியாழன்

காலையில் அம்மாவிடம் சொன்னேன். "அடிக்கலையே" என்றாள். என் வாக்கியம் என்னிடமே திரும்பி வந்தது. ஃபோனை எடுத்தேன்.

அத்தானை மறுபடி கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, மேசைமேல் வைத்தேன். "அம்மா பேசுறாங்க அத்தான்."

"மாப்பிள்ள, நல்லா இருக்கீங்களா? சாப்டாச்சா?" டிவி சத்தம். "மாப்பிள்ள, கேக்குதா? இவ இன்னிக்கு வர்றா… உடம்புக்கு ஏதும் முடியலையா? நாங்க ஏதாவது தப்பா பேசிட்டோமாப்பா?" ஒவ்வொரு கேள்விக்கும் அம்மாவின் குரல் இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிட்டது. அப்பா கையை நீட்டி இணைப்பைத் துண்டித்தார்.

அக்கா வாசலில் பெட்டியோடு நின்றிருந்தாள். அம்மா அவளைப் பார்க்காமலே, "அத உள்ள வை" என்றாள்.

ஏப்ரல் 2, புதன்

அந்த நாவல் நல்ல நாவலா? இன்னும் தெரியவில்லை. திரும்பப் படித்தேன், முன்பாதி எனக்கு இப்போதும் மெல்லியதாகத்தான் படுகிறது. ஆனால் அவள் கேட்கக் கேட்க அவன் வாயே திறக்காத அந்தச் சாப்பாட்டு மேசைக் காட்சியில் பக்கத்தைத் திருப்ப முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அத்தானிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. இது சரியாகுமா, இதுதான் சரியா — யாரைக் கேட்பது?

அக்கா பழைய மருந்துக்கடைக்கே போகிறாள். சாயங்காலம் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் தொடங்கிவிட்டாள்: இருமல் மருந்தை அங்கேயே திறந்து குடித்தவர், கல்லாப்பெட்டிச் சாவியைத் தொலைத்த முதலாளி, எல்லாம். நான் புத்தகத்தை மூடிவைத்தேன்.

"கொஞ்சம் மூச்சு விட்டுட்டுப் பேசேன்டி" என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து. அக்கா சட்டென்று நிறுத்தினாள்.

அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். "சும்மா சொன்னேன். சாவி கிடைச்சுதா, இல்லையா? சொல்லு."