வியாழக்கிழமைச் சிரிப்பு

நரின்
அக்டோபர் 10

அன்புள்ள தங்கை மீரிமுக்கு,

வாரம் தவறாமல் உன் பெயரை டிவி திரையில் பார்த்துவிடுகிறேன். நீ நலம் என்று அதிலிருந்தே தெரிந்துகொள்கிறேன். போனில் பேசினால் பக்கத்தில் யாராவது காதை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் பிஷ்கெக் வேன்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வியாழன் மாலை நீ எழுதும் தொடர் வரும் நேரத்தில் எங்கள் தையற்கூடத்தில் ஒரு மெஷினும் ஓடாது. முதலாளியம்மாவே தேநீர் போட்டு வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். உன் கதாநாயகி ஜிபெக் சேற்றில் வழுக்கி விழுவதும், அந்த மாட்டு டாக்டர் அவளைத் தூக்கப்போய்த் தானும் விழுவதும்! நேற்று பக்கத்து மெஷின் குல்சாரா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இப்படி ஒரு ஆம்பளை நரின்லயும் இல்ல, பிஷ்கெக்லயும் இல்ல. மீரிம் தலைக்குள்ள மட்டும்தான் இருக்கான். இருந்துட்டுப் போகட்டும், வாரத்துக்கு ஒரு தடவையாவது நம்மள வந்து பாக்குறானே." அவள் புருஷன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனவன், போனவன்தான்.

ஒரு குறை சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. உன் கதையில் யாரும் பாத்திரம் கழுவுவதில்லை. மாமியார்களெல்லாம் ஜோக்கடிக்கிறார்கள்.

எழுத வந்த விஷயம் வேறு. அடுத்த வார முன்னோட்டத்தில் பையன்கள் ஒரு பெண்ணைக் காருக்குள் இழுத்துப் போடுகிறார்கள், பின்னால் குஷியாகப் பாட்டு ஓடுகிறது. அதை எடுத்துவிட முடியுமா? இங்கே தானியார் என்றொரு பையன் என் மகளைச் சுற்றிச் சுற்றி வருகிறான். அக்மோர் நேராகவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஆனாலும் எனக்கு மனசு சரியில்லை.

அன்புடன்,
சைகல் அக்கா


பிஷ்கெக்
அக்டோபர் 13

அன்பு அக்கா,

உன் கடிதத்தை எங்கள் குழு முழுவதற்கும் படித்துக் காட்டினேன். எல்லோருக்கும் குல்சாராவை ரொம்பப் பிடித்துவிட்டது.

அந்தக் காட்சியை எடுக்க முடியாது அக்கா. படம் பிடித்தாகிவிட்டது, சேனல் அதை வைத்துத்தான் விளம்பரம் செய்கிறது. பயப்படாதே. அவர்கள் ஆள் மாறித் தூக்கிவிடுகிறார்கள், அவள் எல்லோரையும் அடித்து ஓட விடுகிறாள், வெறும் கூத்து. இதைப் பார்த்துவிட்டு யாராவது கல்யாணத்துக்குப் பெண் தூக்கக் கிளம்புவார்களா? சட்டம் இருக்கிறது, சிறை இருக்கிறது.

இன்னொன்று, உனக்காகவே வைத்தது. அத்தான் உன்னைத் தூக்கிப்போன அன்று நீ உதைத்த உதையில் உன் பூட்ஸ் பறந்துபோய் ஆட்டுமந்தைக்குள் விழுந்த கதையை அப்பா விருந்துக்கு விருந்து சொல்வாரே, அது அப்படியே வருகிறது. நீயும் அத்தானும் அப்படித் தொடங்கி நன்றாகத்தானே இருக்கிறீர்கள்? பார்த்துச் சிரி.

உன்
மீரிம்


நரின்
அக்டோபர் 24

மீரிம்,

பார்த்தேன். பூட்ஸ் பறந்ததும் தையற்கூடமே சிரித்தது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், அதனால் நானும் சிரித்தேன். அப்பாவின் விருந்துகளிலும் அப்படித்தான் சிரித்தேன்.

அப்போது உனக்கு ஒன்பது வயது. அப்பா பூட்ஸோடு கதையை நிறுத்திவிடுவார். அதற்குப் பிறகு, அவர்கள் வீட்டு மூலையில் திரைக்குப் பின்னால், வெள்ளை முக்காட்டோடு வந்த கைகளைத் தட்டிவிட்டுக்கொண்டே பொழுதெல்லாம் உட்கார்ந்திருந்தேன். அப்பா வந்தார். என்னைக் கூட்டிப்போகத்தான் வந்தார் என்று ஓடினேன். "வந்தது வந்துட்ட. இனி திரும்பினா குடும்பத்துப் பேர் போயிடும்" என்றார். பிறகு முக்காட்டை நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன், அதுதான் கல்யாணத்துக்குச் சம்மதம் என்றாகிவிட்டது. ஓஷ் மருத்துவக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. அது உனக்குத் தெரியாது.

செவ்வாயன்று தானியாரின் ஆட்கள் அக்மோரைத் தூக்கிவிட்டார்கள். பஜாரிலிருந்து வரும் வழியில். ஒருவன் அதைப் போனில் படம் பிடித்திருக்கிறான், உன் தொடரின் பாட்டை ஓடவிட்டுக்கொண்டு.

உன் அத்தான் ஜூமாபெக்தான் காரை எடுத்தார். அந்த வீட்டு வாசலில் நிறுத்தி, "எஞ்சினை அணைக்க மாட்டேன், போய்க் கூட்டிட்டு வா. நான் எந்த மூஞ்சியோட உள்ள வர்றது?" என்றார். இத்தனை வருடத்தில் அதைப் பற்றி என் புருஷன் பேசியது அவ்வளவுதான்.

தானியாரின் அம்மா வழியை மறித்தாள். "உன் தங்கச்சி நாடகம் பாக்கலையா? முதல்ல அழுவாங்க, அப்புறம் சிரிப்பாங்க. நீயே சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்க?"

"நான் சிரிச்சதெல்லாம் பொய்" என்றேன்.

அறை நிறையப் பெண்கள். ஒருத்தி மட்டும் எழுந்து தானியாரின் அம்மாவை ஓரமாக நகர்த்தினாள்.

அக்மோர் திரைக்குப் பின்னால் இருந்தாள். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. இங்கேயே இரு என்று சொல்லத்தான் நானும் வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள், மீரிம்.

"எந்திரி, வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

மறுநாள் போலீஸில் புகார் கொடுத்தோம். ஜூமாபெக்கும் கையெழுத்துப் போட்டார்.

சைகல்


பிஷ்கெக்
அக்டோபர் 29

அக்கா,

என்ன எழுதினாலும் போதாது. காட்சியை எடுத்துவிடச் சொல்லிச் சேனலில் சண்டை போட்டேன். இதுவரை அதிகம் பேர் பார்த்த பகுதி அதுதானாம். அப்படியென்றால் திரைக்குப் பின்னால் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆனது என்று அடுத்த வாரம் எழுதுகிறேன் என்றேன். ஜனங்கள் சிரிக்கத்தான் வருகிறார்கள் என்றார்கள். வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டேன். இனி வேறொருவர் எழுதுவார்.

நடந்ததை நடந்தபடியே எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. சம்மதிப்பாயா? அக்மோரிடம் பேசலாமா? நான் கிளம்பி வரட்டுமா?

மீரிம்


நரின்
நவம்பர் 6

மீரிமுக்கு,

நீ வர வேண்டாம். அக்மோர் அங்கே வருகிறாள்.

இங்கே தெருவில் 'திரும்பி வந்தவள்' என்கிறார்கள். அவள் வாசலைத் தாண்டுவதில்லை. பிஷ்கெக்கில் செவிலியர் படிப்புக்கான ஆயத்த வகுப்பில் இடம் கிடைத்திருக்கிறது. அந்த ஊரில் உன்னைத் தவிர எனக்கு யாரும் இல்லை. வேறு யாராவது இருந்திருந்தால் அவர்களிடம்தான் அனுப்பியிருப்பேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? ஞாயிறன்று ஜூமாபெக் கூட்டிவருவார். அவருக்குச் சாப்பாடு போடு. பழைய பேச்சு எதையும் எடுக்காதே.

தொடரை விட்டது உன் இஷ்டம். தையற்கூடத்தில் இன்னும் பார்க்கிறார்கள். குல்சாராவுக்கு வேறென்ன இருக்கிறது, அவளை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வியாழக்கிழமைக்காக நானும்தான் வாரமெல்லாம் காத்திருந்தேன். அது இல்லாவிட்டால் உன்மேல் இவ்வளவு கோபம் வந்திருக்காது. இப்போது அந்த நேரத்தில் கொட்டகைக்குப் போய்த் துணி அடுக்குகிறேன். சிரிப்புச் சத்தம் அங்கேயும் கேட்கிறது.

எழுதச் சம்மதம் கேட்டாய். இல்லை. என்னுடையதும் கூடாது, அவளுடையதும் கூடாது. அவளாக ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள். சொல்லாவிட்டால் விட்டுவிடு. உன்னால் அது முடிகிறதா என்று பார்த்துவிட்டு, வசந்தத்தில் நான் வருகிறேன்.

அறைக் கதவைப் பூட்டிக்கொண்டால்தான் அவளுக்குத் தூக்கம் வருகிறது. பூட்டுக்கு ஒரு சாவிதான் இருக்க வேண்டும். அதை அவளிடமே கொடுத்துவிடு.

சைகல் அக்கா